கால்நடை, மருத்துவ ஆராய்ச்சிக்கு நல்ல வழிகாட்டியைப் பிடிப்பது எப்படி? எல்லையோரத் தமிழ் மாணவர்களுக்கு முழு விவரம்

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, கோவிந்தாபுரம் பக்கமிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "அக்கா, ரிசர்ச் பண்ணணும்னு ஆசை இருக்கு. யாரைப் போய்ப் பார்க்கிறது?" கால்நடை மருத்துவம் படிப்பவர்களும் கேட்கிறார்கள், எம்.பி.பி.எஸ். படிப்பவர்களும் கேட்கிறார்கள். பாலக்காட்டிலும் கோவையிலும் பி.எஸ்சி. விலங்கியல், நுண்ணுயிரியல் படிப்பவர்கள் அவர்களைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. ஆந்திரச் சித்தூர், நகரி, புத்தூர்க்காரர்களுக்கும், இடுக்கி எஸ்டேட் பிள்ளைகளுக்கும் தேவையானதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

யாரைப் பார்ப்பது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தக் கேள்வியோடு போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். "எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் உண்டு" என்று வரும் கடிதங்கள் எந்தப் பேராசிரியருக்கும் வாரம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். "எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் இப்படி ஒரு பிரச்சினை இருக்கிறது, இதைச் சோதித்துப் பார்க்கலாமா?" என்று கேட்கிற கடிதம் அபூர்வம். அதற்குப் பதில் வரும்.

முதல் படி: கேள்வியை வீட்டுத் தொழுவத்தில் தேடுங்கள்

நம் பக்கத்தில் ஆராய்ச்சிக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் பால் மாடு இல்லாத தெரு குறைவு. மாடுகள் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வருகின்றன, குழல்மன்னம் சந்தைக்குப் போகின்றன, மீனாட்சிபுரத்தையும் வாளையாரையும் தாண்டுகின்றன. மாட்டோடு கோமாரியும் தாண்டுகிறது, தோல் கழலை நோயும் தாண்டுகிறது. சித்தூர் தாலுகாவின் கிழக்கே பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்க்கிறோம். அதே தண்ணீரைக் குடிக்கும் மாட்டின் பல்லை எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? மழைக்காலம் வந்தால் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல். கன்று வீசிய மாட்டைக் கையுறை இல்லாமல் தொடுகிறவர்களுக்கு மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லா என்ற பாக்டீரியா நோய். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றாமல் இருக்க வேண்டும் என்று மருந்து டப்பாவில் எழுதியிருக்கிறது. அதைக் கடைப்பிடிக்க முடியாத குடும்பக் கணக்கும் நமக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் ஆய்வு.

ஆனால் இவை எல்லாமே தலைப்புகள்தான். எட்டு வாரத்தில் பதில் சொல்லக்கூடிய அளவுக்குக் குறுக்கினால்தான் ஒரு தலைப்பு கேள்வியாகும். ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்போம்.

"பாலக்காட்டில் மடிநோய்" என்பதை ஒரு மாணவரால் தொடவே முடியாது. வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமல் மடிக்குள் இருக்கும் நோயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொசைட்டிக்குப் பால் ஊற்றும் மாடுகள் என்று எல்லை போடுங்கள். இப்போது ஒரு காரணத்தைச் சேருங்கள். கறந்து முடித்த பிறகு காம்பின் துளை உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி நேரத்துக்கு மேலும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணத்தின் மேல் படுத்தால் கிருமி உள்ளே போகும். அதனால்தான் கறந்ததும் தீவனம் வைத்து மாட்டை நிற்க வைக்கச் சொல்கிறார்கள். ஆக உங்கள் கேள்வி: கறந்தவுடன் தீவனம் வைக்கும் வீடுகளில் இந்த மறைந்த மடிநோய் குறைவாக இருக்கிறதா?

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை போதும். நான்கு குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு, நான்கு காம்புக்கு நான்கு குழி. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பால், அதே அளவு சோதனைத் திரவம். தட்டை மெதுவாகச் சுழற்றினால் நல்ல பால் தண்ணீராகவே ஓடும். மடியில் அழற்சி இருந்தால் பால் பிசினாகி, சுழற்றச் சுழற்ற நடுவில் திரளும். அந்தத் திரவம் ஒருவகை சோப்பு. பாலில் இருக்கும் வெள்ளை அணுக்களை உடைக்கிறது, அவற்றின் டி.என்.ஏ. வெளியே வந்து பாலைக் கெட்டியாக்குகிறது. சில விநாடிகளில், மாட்டுக்காரர் கண்ணெதிரிலேயே முடிவு தெரிந்துவிடும். இவ்வளவு எளிய சோதனையை வைத்து, ஒழுங்காகத் திட்டமிட்டு, நியாயமான எண்ணிக்கையில் மாடுகளைப் பார்த்தால் அது முழுமையான ஆய்வு. இதை யாரும் மட்டமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நிபா, வௌவால் என்று கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. 2018-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது, 2025-இல் பாலக்காடு மாவட்டத்திலும் நோயாளிகளைக் காட்டியது. ஆர்வம் வருவது நியாயம்தான். ஆனால் இளநிலை மாணவர் வௌவாலைப் பிடிப்பதும் சாம்பிள் எடுப்பதும் கூடவே கூடாது. அந்தத் துறைக்குப் போக ஆசை என்றால், நோய் யாருக்கு, எங்கே, எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடும் எபிடெமியாலஜி படியுங்கள், மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து வேலை செய்யும் குழுவில் சேருங்கள்.

இரண்டாம் படி: உங்கள் படிப்புக்கு எந்த வாசல்?

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு இருக்கும் பெரிய வாசல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம். எஸ்.டி.எஸ். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1979 முதல் நடக்கிறது. உங்கள் கல்லூரியிலேயே ஓர் ஆசிரியரை வழிகாட்டியாக வைத்து, உங்கள் பெயரில் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் இரண்டு மாத வேலை, பிறகு அறிக்கை. அறிக்கையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உதவித்தொகையும் சான்றிதழும். ஆகையால் கைக்காசு கொஞ்சம் முன்கூட்டிச் செலவாகும், வீட்டில் சொல்லிவையுங்கள். இந்தத் திட்டத்தின் அருமை பணத்தில் இல்லை. இரண்டாம் ஆண்டிலேயே ஒரு முழுத் திட்டத்தை எழுதி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவைத் தாண்டி, முடித்துக் காட்டிய அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது.

கால்நடை மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பே ஐந்தரை ஆண்டு, அதில் கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப். அந்த ஓராண்டு தினமும் நோயுற்ற மாட்டைப் பார்க்கும் ஆண்டு. கேள்வி தானாக வரும். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் மண்ணுத்தியிலும் வயநாட்டுப் பூக்கோட்டிலும் இருக்கின்றன. மண்ணார்க்காடு பக்கம் திருவிழாங்குன்றில் அதன் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தும் பலருக்கு இது தெரிவதில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் உடுமலைப்பேட்டையில் தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. இடுக்கிக்காரர்களுக்கு தேனி வீரபாண்டிக் கல்லூரி மலை இறங்கினால் வந்துவிடும். மூணாறு பிள்ளைகள் மாட்டுப்பெட்டியை மறக்க வேண்டாம். 1963-இல் சுவிஸ் உதவியோடு தொடங்கிய மாட்டினத் திட்டம் அங்கேதான் வளர்ந்தது. கேரளத்தின் சுனந்தினி மாடு அதன் விளைச்சல். எஸ்டேட் லயன் வீடுகளில் கட்டியிருக்கும் மாடுகளில் அந்த ரத்தம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்பதே ஒரு நல்ல தொடக்கம்.

பி.எஸ்சி., எம்.எஸ்சி. மாணவர்களுக்கு மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டம் நல்லது. கோடையில்தானே வேலை என்று மார்ச் வரை சும்மா இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். அதற்கு உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு சிறு குறிப்பும் ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்தின் கோடைத் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இவை தவிர, கஞ்சிக்கோட்டில் பாலக்காடு ஐ.ஐ.டி., ஆனைகட்டியில் பறவைகளை ஆராயும் சலீம் அலி மையம், திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், தோன்னக்கலில் வைரஸ் ஆய்வு நிறுவனம், பாலோட்டில் மாநில விலங்கு நோய் நிறுவனம், ஆலப்புழையில் தேசிய வைராலஜி நிறுவனத்தின் கிளை. இவை எல்லாவற்றிலும் எல்லா ஆண்டும் மாணவர்களை எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அவரவர் அறிவிப்பைப் பாருங்கள், அறிவிப்பு இல்லாவிட்டாலும் தனியாக ஓர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுங்கள்.

ஆந்திர எல்லையில் இருப்பவர்களுக்கு திருப்பதி ஒரே ஊரில் எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம், ஸ்விம்ஸ் மருத்துவ நிறுவனம், ஐசர் என்ற மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். பலமநேரில் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் புங்கனூர்க் குட்டை மாடுகளைப் பேணுகிறார்கள். நாட்டு மாட்டின் மரபியலில் ஆசை உள்ளவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. பஸ் தூரம்தான், குடல் தொற்று, தடுப்பூசி ஆய்வுகளில் அதன் பெயர் உலகம் அறிந்தது. செம்மறி வளர்க்கும் ஊர்களில் மழைக்குப் பின் வரும் நீலநாக்கு நோய், கொசுவைவிடச் சின்னப் பூச்சியால் பரவுவது. அந்தப் பூச்சி எந்த மாதம் எந்தப் பட்டியில் அதிகம் என்று பொறி வைத்து எண்ணுவதே ஒரு மாணவருக்கு ஏற்ற வேலை.

மூன்றாம் படி: வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது

பெரிய பெயரைத் துரத்தாதீர்கள். நாற்பது பேர் இருக்கும் லேபில் உங்களுக்கு வேலை சொல்லப்போவது ஒரு பிஎச்.டி. மாணவர்தான், அவர் நல்லவராக இருந்தால் அதிர்ஷ்டம். உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து சில ஆண்டுகளான ஒருவர், தன் லேபை இப்போதுதான் கட்டிக்கொண்டிருப்பவர், உங்களோடு மேஜையில் உட்கார்ந்து தரவைப் பார்ப்பார். முதல் ஆய்வுக்கு அவர்தான் சரி என்பது என் அனுபவம்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கால்நடை, வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிருஷிகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மற்றப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில். அந்தப் பேராசிரியரிடம் படித்தவர்களின் ஆய்வேட்டை இறக்கி, நன்றியுரைப் பக்கத்தை முதலில் படியுங்கள். எல்லோரும் எழுதும் சம்பிரதாய வரிகளைத் தள்ளிவிடுங்கள். "இரவு பத்து மணிக்கும் போனை எடுத்தார்", "சாம்பிள் எடுக்க என்னோடு பண்ணைக்கு வந்தார்" என்று ஏதாவது குறிப்பாக எழுதியிருந்தால் கவனியுங்கள். அடுத்து, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கட்டுரைகளில் முதல் பெயராக மாணவர்கள் இருக்கிறார்களா, எப்போதும் அவரே இருக்கிறாரா? கடைசியாக, அவரிடம் இப்போது இருக்கும் ஒரு மாணவரோடு பேசுங்கள். நேராகவே கேட்கலாம்: "சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு சொன்னா மேடம் என்ன சொல்வாங்க?" இதற்கு வரும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வழிகாட்டியும் மாணவர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. வெச்சூர் மாடு அழிந்தே போய்விட்டது என்று பலர் நினைத்திருந்த காலத்தில், 1989-இல் மண்ணுத்திக் கல்லூரியின் பேராசிரியர் சோசம்மா ஐப்பு தன் மாணவர்களோடு சேர்ந்து கோட்டயம் பக்கத்து ஊர்களில் அந்த மாட்டைத் தேடத் தொடங்கினார். வீடு வீடாக விசாரித்துச் சேர்த்த மாடுகளிலிருந்துதான் இன்று அந்த இனம் நிற்கிறது. 2022-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தத் தேடலில் அலைந்த மாணவர்களிடம் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. எந்தக் கிராமத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் கால்கள் இருந்தன.

நான்காம் படி: கடிதம்

மின்னஞ்சலை ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சரி. உள்ளே இருக்க வேண்டியதைச் சொல்கிறேன். முதல் வரியில் நீங்கள் யார், எந்தக் கல்லூரி, எத்தனையாம் ஆண்டு. இரண்டாம் வரியில் அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது உங்கள் ஊரோடு ஒட்டியது. பிறகு உங்கள் கேள்வி, மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அடுத்து, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை உங்களால் வர முடியும், தங்குமிடத்துக்கு நீங்களே ஏற்பாடு செய்துகொள்வீர்களா. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: பதினைந்து நிமிடம் பேச நேரம் தர முடியுமா. ஒரு பக்க பயோடேட்டாவை இணையுங்கள்.

இப்படி: "நான் கோவையில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி, ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. பால் மாடுகளில் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் சொசைட்டியில் மடிநோய்க்கு ஊசி போட்டும் தீராத மாடுகள் உண்டு. அந்தப் பாலிலிருந்து கிருமியைப் பிரித்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க விரும்புகிறேன். சொசைட்டிச் செயலாளரிடம் பேசிவிட்டேன், சம்மதிக்கிறார். மே, ஜூன் மாதங்களில் முழுநேரமும் வர முடியும்."

"சொசைட்டிச் செயலாளரிடம் பேசிவிட்டேன்" என்ற அந்த வரிதான் கடிதத்தின் உயிர். கண்டிப்பாக உண்மையிலேயே பேசியிருக்க வேண்டும்.

ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி இருபது பேருக்கு அனுப்பாதீர்கள், படித்ததும் தெரிந்துவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவருக்கு எழுதுங்கள். உங்கள் ஊர் மிருகாஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்பதும் ஒரு வழிதான். அவருக்கு மண்ணுத்தியில் உடன்படித்தவர்கள் இருப்பார்கள்; அவர் ஒரு போன் போட்டால் பத்துக் கடிதத்துக்குச் சமம்.

ஐந்தாம் படி: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

தயங்காமல் கேளுங்கள். தினமும் எனக்கு வேலை சொல்லப்போவது யார்? வாரம் ஒருமுறையாவது உங்களைப் பார்க்க முடியுமா? ரசாயனப் பொருளுக்கு யார் பணம்? நெறிமுறை அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, நான் விண்ணப்பிக்க வேண்டுமா? கட்டுரை வந்தால் என் பெயர் எங்கே இருக்கும்? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் யோசித்துச் சேருங்கள். பேசி முடிவானதை அன்று இரவே ஒரு சின்ன மின்னஞ்சலாக எழுதி, நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பணம் பற்றி ஒரு எச்சரிக்கை. சில நல்ல நிறுவனங்களே பிராஜெக்ட் மாணவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்குவதுண்டு. அது அறிவிப்பில் எழுதியிருக்கும், நிறுவனத்தின் கணக்குக்குப் போகும், ரசீது வரும். ஒரு தனிநபரின் ஜி-பே எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஒரு வார ஆன்லைன் பயிற்சிக்குப் பணம் கட்டினால் "ஆராய்ச்சி இன்டர்ன்" என்று சான்றிதழ் தருகிறவர்களும் அதே கணக்குதான்.

ஆறாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

இங்கே அவசரப்பட்டால் மொத்த வேலையும் வீணாகும். எலி, முயல் என்று லேப் விலங்குகளில் செய்யும் எந்தச் சோதனைக்கும் அந்த நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஏற்பாடு அது. விவசாயியின் மாட்டிடம் ரத்தமோ பாலோ எடுப்பதற்கு அனுமதி வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். காட்டு விலங்கு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உதிர்ந்த இறகைக்கூட எடுக்க வேண்டாம்.

மாட்டைப் பற்றி மாட்டுக்காரரிடம் கேள்வித்தாள் வைத்துக் கேட்டாலும், அவருடைய உடல்நலம், பழக்கம் பற்றி ஒரு கேள்வி சேர்ந்தால் அது மனித ஆய்வு. மனித ஆய்வுக்கான நெறிமுறைக் குழு தனி. ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறைகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்கின்றன. கேரளக் கல்லூரிகளில் ஒப்புதல் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் தயாராக இருக்கும். நம் கிழக்கு ஊர்களில் பெரியவர்கள் பலர் தமிழ் மட்டுமே வாசிப்பார்கள். தமிழ்ப் படிவம் ஒன்றை நீங்களே எழுதி, குழுவிடம் சேர்த்து அனுமதி வாங்குங்கள். கேள்வித்தாளில் கோமாரி என்றும் போடுங்கள், குளம்புரோகம் என்றும் போடுங்கள். ஒரே தெருவில் இரண்டும் புழங்குகின்றன. இரண்டு மொழியிலும் தொழுவத்தில் நின்று பேசத் தெரிந்த மாணவர் எந்த ஆய்வுக் குழுவுக்கும் சொத்து. பயோடேட்டாவில் இதை எழுதாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

விலங்குகளைத் தொடும் வேலை என்றால் ரேபிஸ் முன்தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட பிறகே இறங்குங்கள். முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, 21 அல்லது 28-ஆம் நாள் ஒன்று. ஒரு மாதம் பிடிக்கும் என்பதால் இன்றே தொடங்குங்கள். டெட்டனஸ் ஊசியும் போட்டிருக்க வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையோ இறந்த கருவையோ வெறுங்கையால் தொடக் கூடாது. புரூசெல்லா தோல் கீறல் வழியாகவும் கண் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். அந்தக் கிருமியைச் சாதாரண லேபில் வளர்த்துப் பார்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மாணவருக்கு, மாட்டுக்கு அந்த நோய் தொற்றியிருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் ரோஸ் பெங்கால் சோதனை போதும்: ஒரு சொட்டு சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்), ஒரு சொட்டு ஆன்டிஜன் என்ற சோதனைத் திரவம், நான்கு நிமிடத்துக்குள் துகள் திரள்கிறதா என்று பார்ப்பது.

ஏழாம் படி: வேலை நடக்கும் நாட்கள்

எட்டு வாரம் என்றால் முதல் வாரம் முழுக்கப் படிப்பும் கைப்பழக்கமும். சாம்பிள் எடுக்கத் தொடங்கும் முன் கல்லூரிப் புள்ளியியல் ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை மாடு வேண்டும், எந்த வீடுகளை எப்படிப் பொறுக்குவது என்று அவர் சொல்வார். எல்லாம் முடிந்த பிறகு போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம்வரை களம். ஆறாம் வாரம் சந்தேகமான சாம்பிள்களைத் திரும்பச் சோதிக்க. கடைசி இரண்டு வாரமும் எழுத்துக்கு. அதைக் களவேலைக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

சாம்பிளில் அதிகம் கெடுவது லேபிள்தான். மார்க்கர் பேனாவில் குழாயின் மேல் எழுதுவீர்கள், ஸ்பிரிட் பட்ட விரலால் தொட்டதும் அழிந்துவிடும். ஐஸ் பெட்டியில் உருகும் தண்ணீர் மிச்சத்தையும் கொண்டு போகும். சிறு காகிதத்தில் பென்சிலால் எண்ணை எழுதி, மேலே ஒளிபுகும் டேப்பைச் சுற்றுங்கள். குழாயில் எண் மட்டும், மாட்டுக்காரர் பெயர் நோட்டில் மட்டும். ரத்தக் குழாயைக் குலுக்க வேண்டாம், எடுத்தவுடன் ஐஸில் திணிக்கவும் வேண்டாம். சற்றே சாய்த்து நிழலில் வைத்தால் உறைந்து சீரம் தெளிவாகப் பிரியும். அதைப் பிரித்தெடுத்த பிறகு குளிரில் வையுங்கள். சிவந்த சீரம் வந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். பல சோதனைகளுக்கு அது உதவாது. எண்ணைக் குறித்து, காரணத்தையும் எழுதுங்கள்.

ஆய்வு நோட்டு கட்டுப் போட்ட நோட்டாக இருக்கட்டும். தேதி, இடம், யார் உடனிருந்தார்கள், என்ன செய்தீர்கள், என்ன தவறியது. அடித்தால் ஒரே கோடு; தாளைக் கிழிக்கக் கூடாது. எதிர்பார்த்தது வரவில்லை என்பதற்காக ஓர் எண்ணைக்கூட மாற்றாதீர்கள். தீவனம் வைத்த வீட்டிலும் வைக்காத வீட்டிலும் மடிநோய் ஒரே அளவு என்று வந்தால் அதுவும் முடிவுதான், அப்படியே எழுதுங்கள்.

வழிகாட்டியோடு ஒத்துவராவிட்டால், முதலில் நேரில் பேசுங்கள், வாரச் சந்திப்புக்கு நேரம் கேளுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் துறைத் தலைவர். தொந்தரவு பாலியல் சார்ந்தது என்றால் பேசிப் பார்க்கும் கட்டமே வேண்டாம். 2013 சட்டப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், நேரே அங்கே போங்கள். ஒரு சான்றிதழுக்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எட்டாம் படி: முடித்த பிறகு

கட்டுரையில் யார் பெயர் வரலாம் என்பதற்கு மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: திட்டத்திலோ தரவிலோ உண்மையான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, கடைசி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். சாம்பிள் எடுத்ததோடு நின்றுவிட்டால் நன்றி வரியில்தான் பெயர் வரும். ஆகவே முதல் வரைவை நீங்களே எழுதித் தருகிறேன் என்று முன்வாருங்கள். மூன்று நாளில் வெளியிடுகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் போக வேண்டாம். நல்ல இதழில் வரத் தாமதமானால், ஆண்டுக் கருத்தரங்கு ஒன்றில் சுவரொட்டியாக வைப்பதே போதும்.

பரிந்துரைக் கடிதத்தை லேபை விட்டுக் கிளம்பும் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் செய்த வேலையை ஐந்தாறு வரியில் எழுதிக் கொடுத்தால் அவருக்கு எளிது. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வரி எழுதுங்கள்.

மாட்டுக்காரர்களிடம் திரும்பப் போவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "போன வருசமும் வந்து ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க கண்ணு, என்னாச்சுன்னு ஒருத்தரும் வந்து சொல்லலை" என்று ஒரு பாட்டி சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அவர் மாட்டின் முடிவை அவருக்குச் சொல்ல வேண்டும். நோய் இருந்தால் மிருகாஸ்பத்திரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழிகாட்டி வழியாக. மொத்த முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, பால் ஊற்றும் நேரத்தில் சொசைட்டிப் பலகையில் ஒட்டி, கேட்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் போனால் எல்லோரையும் பார்த்துவிடலாம்.